உங்கட ஊரில மழை பெய்தால்

என் முதல் கதையில் மெரினா கடற்கரையில் மழை பெய்தது. அதுவரை நான் சென்னைக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருந்தேன், சித்தி மகள் கல்யாணத்துக்கு. கடற்கரையில் அரை மணி நேரம் நின்றிருப்போம். அன்று வெயில் கொளுத்தியது. ஆனாலும் கதையில் மழையை வரவழைத்து, ஈர மணலிலிருந்து மண்வாசனை எழுந்தது என்று எழுதினேன். கதாநாயகி லிஃப்ட் உள்ள அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவளுக்குக் குடை பிடிக்க ஒருவன் இருந்தான். அது 2003ஆம் வருடம். எனக்கு இருபத்தைந்து வயது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் 1,400 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

கதை மேல் எனக்கு ஆசை வந்ததும் தீப்பெட்டி வேலை நடக்கிற இடத்தில்தான். எங்கள் பக்கத்தில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ் என்போம். அம்மா பதினான்கு வயதில் போக ஆரம்பித்தவள். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, குச்சிகளைச் சட்டத்தின் பள்ளங்களில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவார்கள். அதற்குக் கட்டை அடுக்குவது என்று பெயர். கை அதன்போக்கில் ஓடும், கண் பார்க்கத் தேவையில்லை, வாய் சும்மா இருக்கும். அம்மா ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்தக் கதை ஓடும். பள்ளிக்கூடம் லீவு விட்ட நாட்களில் நானும் அவள் முட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். “அவ ஏன் சொல்லாமக் கொள்ளாமப் போனா?” என்று யாராவது குறுக்கே கேட்பார்கள். அம்மா கொஞ்ச நேரம் யோசிப்பாள். கை நிற்காது. பிறகு, “அவளுக்கு ஒரு தங்கச்சி உண்டும்லா, அதுக்காக” என்பாள்.

பல வருடம் கழித்து அந்தப் படங்களில் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதில் தங்கச்சியே இல்லை. நாயகியின் அம்மா மஞ்சப்பையில் கடலையும் வெல்லமும் கட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வருகிற காட்சி எனக்கு மனப்பாடமாக இருந்தது. அதுவும் இல்லை. கேட்டவர்களின் கேள்விக்குப் பதிலாக அம்மா உண்டாக்கியவை அவை. அன்றைக்கு எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் அம்மாவால் படிக்க முடியும். ஆனால் எங்கள் வீட்டின் முதல் கதாசிரியர் அவள்தான்.

மெரினாக் கதையை மூன்று வார இதழ்களுக்கு அனுப்பிவிட்டு ஒன்பது மாதம் காத்திருந்தேன். எங்கிருந்தும் பதில் வரவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த பிரவுசிங் சென்டர் தம்பிதான், மின்னஞ்சலில் கதை படிக்கிற குழு ஒன்று இருப்பதைச் சொன்னான். மடலாடற்குழு என்பார்கள். ஒருவர் அனுப்புகிற மடல் எல்லாருக்கும் போகும். முந்நூறு பேர் போல இருந்தார்கள். அதில் எழுதுகிறவர்கள் முப்பது பேர் இருக்கலாம். தஞ்சாவூர்க்காரர் சவுதியில், யாழ்ப்பாணத்துக்காரர் டொரண்டோவில், காரைக்குடிக்காரி சிங்கப்பூரில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மலேசியாவின் ஈப்போவில் என்று ஆளுக்கொரு திசை. பெரும்பாலும் எனக்கு யாருடைய முகமும் தெரியாது.

பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் போவேன். ஆபீசில் மிச்சமான பழைய பேரேட்டின் வெற்றுப் பக்கங்களில் கதையைப் பென்சிலால் எழுதி, அடித்துத் திருத்தி, அதைக் கொண்டுபோய்த் தட்டச்சு செய்வேன். சென்டரில் விண்டோஸ் 98. அதில் தமிழ் தெரியாது. முரசு அஞ்சலையும் எழுத்துருவையும் ஒரு ஃப்ளாப்பியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கியது முரசு அஞ்சல். ஆங்கில விசைகளில் ஒலிப்படி அடித்தால் தமிழ் வரும். ள, ண, ற மூன்றுக்கும் ஷிஃப்ட்டை அழுத்த வேண்டும். எனக்கு வேகம் வர ஆறு மாதம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை நாலு பக்கம் அடித்து முடிக்கிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது கதை இல்லை. அந்தத் தம்பி அன்றைக்குக் காசு வாங்கவில்லை. “அக்கா, பாராவுக்கு ஒருவாட்டி சேவ் பண்ணிருங்க” என்றான். இன்று வரைக்கும் ஒரு பத்தி முடிந்தால் என் கை தானாகச் சேமிக்கிற விசைக்குப் போகிறது.

மெரினாக் கதை குழுவுக்குப் போன மறுவாரம் பதினொரு பதில் மடல்கள் வந்திருந்தன. பத்தில் வாழ்த்து. பதினொன்றாவது டொரண்டோவில் இரவுப்பணி பார்க்கிற அண்ணனிடமிருந்து. அதை அப்படியே மனதில் வைத்திருக்கிறேன். “தங்கச்சி, மெரினாவில மழை பெய்யிறதை வடிவா எழுதியிருக்கிறியள். ஆனா நீங்கள் அந்த மழையில நனைஞ்சனீங்களோ? உங்கட ஊரில மழை பெய்தால் என்ன நடக்கும்? அதைச் சொல்லுங்கோ.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவருக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், கதை எழுத அல்ல. எங்கள் ஊர் கரிசல் பூமி என்று தொடங்கினேன். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், வெடிப்புக்குள் சின்னப் பிள்ளையின் கணுக்கால் இறங்கிவிடும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் அந்த வெடிப்புகள் தண்ணீரை விழுங்குகிற சத்தம் கேட்கும். ஒரு மணி நேரம் பெய்தால் போதும், காட்டில் நடக்க முடியாது. மண் காலில் அப்பும். அடுத்த எட்டில் அந்த மண்ணின் மேல் இன்னொரு மண் அப்பும். பத்து எட்டு வைத்தால் ஒரு சாண் வளர்ந்துவிடுவோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நின்று நின்று குச்சியால் வழித்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். சைக்கிள் உருட்டி வந்தவர்கள் சக்கரம் இறுகி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் பாட்டி, மிளகாய்ச் செடிக்குக் களை வெட்டப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களிலும் மண் பூட்டிய மாதிரி ஆகி, ஓடைக்கரை வரை உட்கார்ந்தே நகர்ந்து வந்திருக்கிறாள். அவள் வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது, வெளியே வைத்திருந்த ஏனத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டதா என்று.

இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் அடித்து அனுப்பினேன். பென்சில் பிரதி இல்லாமல் நேராக அடித்த முதல் எழுத்து அது.

அடுத்த சனிக்கிழமை இருபத்தாறு மடல்கள். “இதுதான் கதை, இதையா ஒளித்து வைத்திருந்தீர்கள்?” என்று சிங்கப்பூர் அக்கா கேட்டிருந்தார். டொரண்டோ அண்ணன் ஒரே வரி எழுதியிருந்தார்: “எங்கட அம்மாவும் ஏனம் எண்டுதான் சொல்லுவா.” அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு குழுவில் மூன்று வாரம் பேச்சு நடந்தது. பாத்திரம், ஏனம், கும்பா, சருவம் என்று ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பெயரைக் கொண்டுவந்து கொட்டினார்கள். விடியற்காலையை நாங்கள் வெள்ளென என்கிறோம், டொரண்டோ அண்ணன் வெள்ளன என்றார். கடலுக்கு அந்தப் பக்கம் ஊரை விட்டுப் போய்ப் பனியில் வேலை செய்கிற ஒருவரும் கோவில்பட்டியில் இருக்கிற நானும் சின்ன வயதில் ஒரே இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம் என்பது அப்போது தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அந்த நிலையம் அவ்வளவு தெளிவாகக் கேட்கும்.

அதுவரை கதைக்கென்று தனியாக ஒரு தமிழ் இருக்கிறது, அது பட்டணத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நான் பேசுகிற பேச்சை எழுதினால் படிப்பில்லாதவள் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அது எவ்வளவு பெரிய அறியாமை என்பதை இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில், நாலாட்டின்புத்தூர் தாண்டினால் இடைசெவல் வந்துவிடும். அந்தச் சின்ன ஊரில், 1923ஆம் வருடம் செப்டம்பர் மாதத்தில், ஒரு வார இடைவெளியில் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பூமணியும் எங்கள் கரிசல்காட்டுக்காரர்தான். டவுன் பஸ்ஸில் இடைசெவலைத் தாண்டி நூறு தடவையாவது போயிருப்பேன். இவர்களை வாசி என்று எனக்குச் சொன்னவர்கள் சிங்கப்பூரிலும் ஈப்போவிலும் இருந்தார்கள்.

நூலகத்தில் கேட்டு வாங்கி வாசிக்கத் தொடங்கினேன். கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கையில் எடுத்த நாளை மறக்க முடியாது. அம்மாவும் பாட்டியும் பேசுகிற மாதிரிச் சொற்கள் அச்சில் அகரவரிசையாக நின்றன. நின்றபடியே அரை மணி நேரம் புரட்டினேன். நூலகர் நாற்காலியைக் காட்டினார். ச.தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையில், எங்கள் தெருப் பெண் ஒருத்தி அவள் பேச்சோடு அப்படியே வந்து நின்றாள். அந்தக் கதைதான் 2008இல் ‘பூ’ என்ற படமாக வந்தது. ராஜம் கிருஷ்ணனின் ‘கூட்டுக்குஞ்சுகள்’ நாவலைச் சிங்கப்பூர் அக்கா சொல்லி வாசித்தேன். தீப்பெட்டித் தொழிலில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியது. ராஜம் கிருஷ்ணன் எங்கள் பக்கத்துக்காரர் அல்ல. நேரில் வந்து பார்த்து, பேசி, எழுதியவர். வெளியிலிருந்து வந்த ஒருவர் இவ்வளவு பார்த்திருக்கிறார். நானோ பள்ளிக்கூடம் விட்டு வந்து, பசைக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு பெட்டி ஒட்டி வளர்ந்தவள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தபோது எனக்கு எட்டு வயது. குடும்பத்தோடு வீட்டில் செய்கிற வேலைக்கு அந்தத் தடை அப்போது பொருந்தவில்லை என்பதால் எங்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை. இது எதுவும் என் கதையில் இல்லை என்பது அந்த நாவலை மூடி வைத்தபோது உறைத்தது.

ஈப்போ ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவருக்கு அப்போது அறுபதுக்கு மேல். மடலின் தொடக்கத்தில் எப்போதும் “அன்பு மகளுக்கு” என்று இருக்கும். கதையைப் பாராட்ட மாட்டார், குறை சொல்லவும் மாட்டார். கேள்வி கேட்பார். எண் போட்டு ஏழு, எட்டுக் கேள்விகள். “மூன்றாவது பத்தியில் அவள் வாசலில் நிற்கிறாள். கையில் என்ன இருந்தது?” “கணவன் கோபமாகப் பேசினான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் என்ன சொன்னான்?” “அந்த வீட்டில் சமையல் எந்தப் பக்கம்?” இவ்வளவுதான். பதில் தெரியாத இடங்களில் கதை ஓட்டையாக இருப்பது எனக்கே தெரிந்துவிடும்.

எங்கள் ஊர் மேல் அவருக்குத் தனிப் பிரியம். அதற்குக் காரணம் இருந்தது. 1950களில் கு.அழகிரிசாமி கோலாலம்பூரில் தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தார். அங்கே எழுத வந்த இளைஞர்களைக் கூட்டி வைத்து இலக்கிய வட்டம் நடத்திக் கதை எழுதப் பயிற்சி கொடுத்தார். ஐயா அப்போது பள்ளி மாணவர், அதில் கலந்துகொள்ளும் வயதில்லை. ஆனால் கலந்துகொண்டவர்களிடம் பிறகு படித்திருக்கிறார். “உங்கள் ஊர்க்காரர் எங்கள் நாட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனதைத்தான் உங்களுக்குத் திருப்பித் தருகிறேன், மகளே” என்று ஒரு மடலில் எழுதினார். அந்த வரியைப் பார்த்துவிட்டுப் பிரவுசிங் சென்டரின் சின்னத் தடுப்புக்குள் அழுதேன்.

அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்களும் புத்தகமாக இருக்கின்றன. அதையும் ஐயாதான் வாசிக்கச் சொன்னார். ஒருவரை ஒருவர் வாசித்து, ஒருவருக்கு ஒருவர் மடல் போட்டு வளர்வது கணினியோடு வந்த பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். இடைசெவலில் அது எப்போதோ நடந்திருக்கிறது.

ஐயாவோடு எனக்கு ஒரு தடவை மனத்தாங்கல் வந்தது. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். கணவன் குடிகாரன். கடன் தீராது. கடைசியில் மருந்து முக்குகிற இடத்தில் தீப்பற்றி அவள் இறந்துபோவாள். குழுவில் நிறையப் பேர் கண்ணீர் விட்டதாக எழுதினார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. ஐயாவின் மடலில் இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வி: “அவளை யாருக்காகக் கொன்றீர்கள், அவளுக்காகவா, கதையை முடிப்பதற்காகவா?”

மூன்று சனிக்கிழமை நான் சென்டருக்குப் போகவில்லை. தீ விபத்து எங்கள் பக்கத்தில் நடக்காத சங்கதியா? எத்தனை பேரை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. ஈப்போவில் உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் பேசிக்கொண்டே இருந்தேன். நாலாவது வாரம் ஒரு ராத்திரி, அந்தக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதுவரை என் கதை எதையும் அவளுக்கு வாசித்ததில்லை. வாசலில் பாய் விரித்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“ஏட்டீ, அவ மருந்து முக்குற எடத்துக்கு எதுக்குப் போனா?” என்றாள். “அது ஆம்பளையாளுக பாக்குற வேல. நாங்க கட்டை அடுக்கிக் குடுக்கதோட சரி. அந்தப் பக்கமே போக மாட்டமே.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவளே சொன்னாள். பெட்டி அடைக்கிற வேலையில்தான் பெண்களுக்குத் தீ. மருந்து காய்ந்த குச்சிகளை அள்ளிப் பெட்டிக்குள் அடைக்கும்போது, சில நேரம் குச்சித் தலை பெட்டியின் பக்கவாட்டில் உரசிவிடும். பொசுக்கென்று முழுப் பெட்டியும் கையிலேயே பற்றும். கீழே போட்டு மிதித்து அணைத்துவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு, அடுத்த பெட்டியை எடுப்பார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு அந்த ஒரு பெட்டி கணக்கில் வராது. அம்மா வலது கையை விரித்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள். கட்டை விரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் வழுவழுப்பாக, ரேகை இல்லாமல் இருந்தன. இருபத்தைந்து வருடம் எனக்குச் சோறு ஊட்டிய கை. நான் அதை அப்படிப் பார்த்தது அன்றுதான்.

கதையைத் திரும்ப எழுதினேன். இந்தத் தடவை அவள் சாகவில்லை. பெட்டி பற்றுகிறது, மிதிக்கிறாள், அடுத்த பெட்டியை எடுக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவி, மகளுக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறாள். மகள் “அம்மா, சோறு மருந்து வாடை அடிக்கி” என்கிறாள். அங்கே நிறுத்திவிட்டேன். சொல்ல வேண்டியது அதற்கு மேல் இல்லை என்று எனக்கு முதல் தடவையாக உறுதியாகத் தெரிந்தது. குழுவில் போட்டபோது முன்பு அழுதவர்கள் பலர் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஐயா எண் போட்ட கேள்வி எதுவும் அனுப்பவில்லை. “அன்பு மகளுக்கு, உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்” என்று மட்டும் எழுதியிருந்தார். சொன்னேன். அம்மா, “யாரு அது, பெரியவரா? நல்லா இருக்கட்டும்” என்றாள். 2006இல் அந்தக் கதை ஒரு சிற்றிதழில் அச்சில் வந்தது. ஒரு பிரதி வந்தது, பணம் எதுவும் இல்லை. அம்மா அந்தப் பிரதியை அரிசிப் பானைக்கு மேலிருந்த பலகையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்தக் குழுவில் எழுதியதால் வளர்ந்தேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், மற்றவர்களுக்குப் பதில் எழுதியதில்தான் எனக்குக் கை திருந்தியது. ஐயா ஒரு கட்டத்தில் சொன்னார், ஒரு கதை போடுவதற்கு முன் மூன்று பேர் கதைக்குப் பதில் எழுதுங்கள் என்று. “நன்று”, “அருமை” என்ற இரண்டு சொல்லையும் பயன்படுத்தக் கூடாது. அது எவ்வளவு கஷ்டமான வேலை! பிடித்திருக்கிறது என்றால் எந்த இடம், எதனால் என்று சொல்ல வேண்டும். சவுதியில் லாரி ஓட்டிய தஞ்சாவூர்த் தம்பி நிலவு, ரோஜா, தாஜ்மகால் என்று எழுதிக்கொண்டிருந்தான். நான் டொரண்டோ அண்ணன் கேட்டதையே அவனிடம் கேட்டேன்: “தம்பி, ராத்திரி லாரியை நிறுத்தினால் உங்க கண்ணுக்கு முன்னால என்ன இருக்கும்?” இரண்டு வாரம் கழித்து ஒரு கதை வந்தது. பாலைவனச் சாலை ஓரத்தில் லாரியை நிறுத்திவிட்டு, வண்டி நிழலில் அடுப்பு மூட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த கடைசிப் பிடி வடகத்தை வறுப்பதா வேண்டாமா என்று ஒருவன் யோசிக்கிறான். வறுத்துவிட்டால் வீட்டு வாசனை தீர்ந்துவிடும். கதை முழுக்க அந்த யோசனைதான். அதைப் படித்துவிட்டு, நானே எழுதின மாதிரி இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன். என் கதை எதற்கும் அந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

அதற்குள் காலம் மாறிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு குறிமுறையில் அடித்த தமிழ் யூனிகோடுக்கு வந்தது. உமர் தம்பியின் தேனீ எழுத்துருவும் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியும் இல்லாவிட்டால் என் பழைய கதைகள் வெறும் கட்டங்களாகப் போயிருக்கும். 2004இல் தமிழ்மணம் வந்த பிறகு ஒவ்வொருவராக வலைப்பதிவு தொடங்கினார்கள். குழுவில் வாரத்துக்கு நூறு மடல் வந்த இடத்தில் பத்து வந்தது, பிறகு மாதத்துக்கு ஒன்று. யார் மீதும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகள் பெரியவர்களாகி ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டு போகிற மாதிரிதான் அது. 2009இல் ஈப்போ ஐயாவின் முகவரியிலிருந்து ஒரு மடல் வந்தது. அவர் மகன் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார். ஐயா காலமாகிவிட்டார். அவரை நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. பத்து நாள் வீட்டில் விளக்கேற்றி வைத்தேன்.

குழுவின் மடல்களைத் தேக்கி வைத்திருந்த சேவை பின்னாளில் நிறுத்தப்பட்டது. செய்தி எனக்குத் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தேன், எதுவும் இல்லை. ஐயா எனக்கு மட்டும் எழுதிய கேள்விகள் முந்நூறுக்கு மேல் இருக்கும். பக்கத்துக்கு 5 ரூபாய் கொடுத்து அச்செடுத்து வைத்தவை நாற்பத்தொரு தாள்கள். அவை மட்டும் என்னிடம் இருக்கின்றன. மை மங்கிக்கொண்டு வருகிறது. எழுத்துகள் சில இடங்களில் உடைந்து, கொக்கி தனியே, எழுத்து தனியே நிற்கின்றன. ஆனாலும் வாசித்துவிடலாம்.

கி.ரா. 2021 மே மாதம் புதுச்சேரியில் காலமாகி இடைசெவலுக்குக் கொண்டுவரப்பட்டபோது கொரோனா முடக்கம். அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்ததைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். பத்துக் கிலோமீட்டர் சொச்சம் தூரம், போக முடியவில்லை. அன்று ராத்திரி டொரண்டோ அண்ணன் பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு மடல் அனுப்பியிருந்தார். “தங்கச்சி, உங்கட ஊரில இண்டைக்கு மழையோ?” என்று கேட்டிருந்தார். மழை இல்லை என்று பதில் எழுதினேன். அதிலிருந்து மாதம் ஒரு மடல் இருவரும் எழுதிக்கொள்கிறோம். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வன்னியில் தன் தாய் நடந்து போன வழியை எழுதிக்கொண்டிருக்கிறார். நான் எண் போட்டுக் கேள்வி கேட்கிறேன்.

இதுவரை முப்பத்தொரு கதைகள் எழுதியிருக்கிறேன். கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலையும் தொடர்கிறது. 2003க்கும் 2008க்கும் இடையில் தமிழ் மடலாடற்குழு எதிலாவது இருந்தவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய கணினியை, பரணில் கிடக்கும் ஃப்ளாப்பியை, குறுந்தகட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். “அன்பு மகளுக்கு” என்றோ “அன்பு மகனுக்கு” என்றோ தொடங்கி, எண் போட்ட கேள்விகளோடு ஒரு மடல் அதில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். அச்செடுத்து வையுங்கள்.